கர்ப்பப்பை, சினைப்பை ஆபரேஷன்கள்: ஓ.பி. வரிசையில் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வரும் பெண்களும், கூட வரும் அம்மா, மாமியார், கணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். கிட்டத்தட்ட எல்லாப் பதில்களும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தவை: உங்களுக்கு எதை எடுக்கிறார்கள், எந்த வழியாக எடுக்கிறார்கள். இந்த இரண்டும் தெரியாமல் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்ததை உங்களுக்குப் பொருத்திப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

1. "கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொன்னாங்க. எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. இந்த ஒரே பெயருக்குள் ஏழெட்டு விதமான வேலைகள் இருக்கின்றன. கர்ப்பப்பையின் உள்பூச்சை மட்டும் சுரண்டி எடுப்பது டி அண்ட் சி. மெல்லிய கேமராக் குழாயைக் கீழ்வழியாக விட்டுப் பார்த்து, உள்ளே சதை வளர்ச்சி இருந்தால் அங்கேயே வெட்டி எடுப்பது ஹிஸ்டரோஸ்கோப்பி. தசைக்கட்டியை எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை விட்டுவைப்பது மயோமெக்டமி. கர்ப்பப்பையையே எடுப்பதுதான் ஹிஸ்டரெக்டமி. சினைப்பையில் உள்ள கட்டியை மட்டும் உரித்தெடுப்பது சிஸ்டெக்டமி. கருக்குழாயைக் கட்டி வெட்டுவது குடும்பக் கட்டுப்பாடு.

ஹிஸ்டரெக்டமியிலும் கர்ப்பப்பை வாயைச் சேர்த்து எடுப்பது உண்டு, வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுப்பதும் உண்டு. ஆகவே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: கர்ப்பப்பை, அதன் வாய், வலது இடது கருக்குழாய்கள், வலது இடது சினைப்பைகள். இதில் எது போகிறது, எது இருக்கிறது? பத்து வருடம் கழித்து இன்னொரு டாக்டர் கேட்கும்போது "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க" என்ற பதிலை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

2. "ஓபனா, லேப்ராஸ்கோப்பியா, கீழ்வழியாவா? எது நல்லது?"

கீழ்வழியாக, அதாவது பிறப்புறுப்பு வழியாக எடுக்க முடிந்தால் பெரும்பாலும் அதுவே முதல் தேர்வு. வயிற்றில் தழும்பு இல்லை, வலி குறைவு, செலவும் குறைவு. அடி இறங்கியவர்களுக்கு, அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்தவர்களுக்கு, இது மிகவும் பொருந்தும். அடுத்து லேப்ராஸ்கோப்பி. தொப்புளில் ஏறக்குறைய 10 மி.மீ. துளை ஒன்று, அடிவயிற்றில் 5 மி.மீ. துளைகள் இரண்டு மூன்று. வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைத்துக்கொண்டு செய்வார்கள். ஓபன் என்பது அடிவயிற்றில் சிசேரியன் போலக் குறுக்காகவோ, கட்டி மிகப் பெரிதாக இருந்தால் நெடுக்காகவோ திறப்பது.

லேப்ராஸ்கோப்பிதான் உயர்ந்தது, ஓபன் பழைய காலத்து வேலை என்று நினைக்க வேண்டாம். கட்டி பெரிதாக இருந்தாலோ, பழைய ஆபரேஷன்களால் குடல் ஒட்டிப் போயிருந்தாலோ, புற்றுநோய் சந்தேகம் இருந்தாலோ ஓபன்தான் பாதுகாப்பாக இருக்கலாம். "எனக்கு ஏன் இந்த வழி?" என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் உடலை வைத்துச் சொல்லும் காரணம் ஒன்று வர வேண்டும்.

3. "ஸ்கேன்ல 3 செ.மீ. கட்டி. வயசு 42. குழந்தைங்க பொறந்தாச்சு, எடுத்துடலாம்னு சொல்றாங்க. எடுத்தே ஆகணுமா?"

ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணமாகாது. ஃபைப்ராய்டு எனப்படும் தசைக்கட்டி மிகச் சாதாரணம். பலருக்கு அது எந்தத் தொல்லையும் தராது, புற்றாக மாறுவது மிக அரிது, மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கும். கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கட்டி உங்களுக்கு என்ன செய்கிறது என்பது. கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம். உள்பூச்சுக்குள் துருத்தி நிற்கும் 2 செ.மீ. கட்டி ரத்தத்தை ஊற்ற வைக்கும். வெளிப்புறம் ஒட்டியிருக்கும் 5 செ.மீ. கட்டி சும்மா இருக்கும்.

ரத்தப்போக்கு அதிகம் என்றால் கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் சில படிகள் இருக்கின்றன. மாதவிடாய் நாட்களில் மட்டும் போடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் கொண்ட ஹார்மோன் காப்பர்-டி போன்ற சாதனம் (பெயரில்தான் காப்பர்-டி, இதில் காப்பர் கிடையாது), உள்ளே துருத்தும் கட்டிக்கு ஹிஸ்டரோஸ்கோப்பி. இவற்றில் எது முயன்று பார்க்கப்பட்டது, ஏன் சரிவரவில்லை என்று கேளுங்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டுதல்கள் வகுத்தது. அவற்றை எல்லா மாநிலங்களும் 3 மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பதாகாது.

ஒரு விதிவிலக்கு. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடக் கூடாது. உள்பூச்சின் தடிமனை ஸ்கேனில் பார்த்து, தேவைப்பட்டால் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்து லேபில் பார்ப்பது) எடுத்தே ஆக வேண்டும்.

4. "சினைப்பையில 4 செ.மீ. நீர்க்கட்டி. எங்க அக்கா பொண்ணுக்கும் நீர்க்கட்டிதான், அவளுக்கு வெறும் மாத்திரை. எனக்கு மட்டும் ஏன் ஆபரேஷன்?"

தமிழில் நாம் இரண்டு வேறு விஷயங்களுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம், குழப்பம் அதில்தான். அக்கா பெண்ணுக்கு இருப்பது பெரும்பாலும் பி.சி.ஓ.எஸ். சினைப்பை முழுக்கக் கடுகு போலச் சின்னச் சின்ன முட்டைப் பைகள். அது ஹார்மோன் பிரச்சினை, வெட்டி எடுக்க அங்கே கட்டி எதுவும் இல்லை. உங்களுக்கு இருப்பது தனியான ஒரு கட்டி.

அதிலும், மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் வயதில் வெறும் நீர் மட்டும் உள்ள 5 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிக்குள் தானே கரைந்துவிடும். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். முடி, கொழுப்பு எல்லாம் இருக்கும் டெர்மாய்டு கரையாது. எண்டோமெட்ரியோசிஸால் (கர்ப்பப்பையின் உள்பூச்சு போன்ற சதை வெளியே வளர்வது) வரும் சாக்லேட் கட்டியும் எளிதில் போகாது. ஆனால் அதை உரித்தெடுக்கும்போது முட்டை இருப்பும் கொஞ்சம் குறையும் என்பதால், குழந்தைக்கு முயல்பவர்கள் ஆபரேஷனுக்கு முன் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்பது நல்லது. கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டால் திடீரென ஒரு பக்கம் பிடுங்குவது போல வலியும் வாந்தியும் வரும். அன்று காத்திருக்கக் கூடாது, சில மணி நேர தாமதத்தில் சினைப்பையே கருகிவிடும்.

5. "டி அண்ட் சி பண்ணா அப்புறம் குழந்தை நிக்காதாமே?"

பெரும்பாலானவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பத்துப் பதினைந்து நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம், சில நாள் லேசாகக் கசியும். பயத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மை இது: அழுத்திச் சுரண்டினால், அதுவும் பிரசவம் அல்லது கருச்சிதைவுக்குப் பிறகு திரும்பத் திரும்பச் செய்தால், உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். மாதவிடாய் ரொம்பக் குறைந்துபோவது அதன் அறிகுறி. அரிதாகச் சுவரில் துளை விழலாம்.

எடுத்த சதை லேபுக்குப் போனதா என்று கட்டாயம் கேளுங்கள். குழந்தையில்லாமைக்காகச் செய்தால் காசநோய்ப் பரிசோதனைக்கும் ஒரு பகுதியை அனுப்புவார்கள்.

6. "கர்ப்பப்பையோட சினைப்பையையும் எடுத்துட்டா கேன்சர் பயம் இல்லன்னு சொல்றாங்க. சரியா?"

பாதி சரி. சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆனால் 40, 42 வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் மறுநாளே மாதவிடாய் நின்றவர் உடம்பாகிவிடும். உடல் கொதிப்பு, இரவு வியர்வை, தூக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி என்று தொடங்கும். பின்னால் எலும்பு தேய்வதும் இதய நோயும் முன்கூட்டியே வரும் வாய்ப்பு கூடும். அதனால் இளம் வயதில் எடுக்க வேண்டி வந்தால், வேறு தடை இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய 50 வயது வரை ஹார்மோன் மாற்று சிகிச்சை பரிந்துரைப்பார்கள்.

வீட்டில் அம்மா, அக்கா, சித்தி என்று மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வரிசையாக இருந்தால் கணக்கு வேறு. இல்லையென்றால் ஆரோக்கியமான சினைப்பைகளை விட்டுவைத்து, கருக்குழாய்களை மட்டும் கர்ப்பப்பையுடன் சேர்த்து எடுப்பது இப்போது பரவலான வழக்கம். சினைப்பைப் புற்று என்று சொல்லப்படுபவற்றில் பல கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகின்றன. இந்த முடிவை ஆபரேஷன் மேசையில் எடுக்கக் கூடாது, முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

7. "ரத்தம் 8 தான் இருக்காம். ஆபரேஷனைத் தள்ளிட்டாங்க. ஏத்திக்கிட்டே பண்ணக் கூடாதா?"

அவசரமென்றால் ரத்தம் ஏற்றிக்கொண்டு செய்வார்கள். அவசரமில்லாத ஆபரேஷனுக்குப் பொதுவாக ஹீமோகுளோபின் 10 ஆவது வேண்டும் என்பார்கள். கையிருப்பு குறைவாக இருக்கும்போது, மற்றவர்கள் தாங்கும் ரத்த இழப்பு உங்களைக் கவிழ்த்துவிடும். நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து ஏற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் நல்ல ஏற்றம் தெரியும்.

மாத்திரை என்றால் காபி, டீயோடு விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. முன்னும் பின்னும் ஒன்று இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவது சகஜம்.

8. "ராத்திரியிலிருந்து பட்டினியா? விடியக்காலம் ஒரு வாய் காபி குடிச்சா என்ன?"

பால் காபியை மயக்க மருத்துவர்கள் சாப்பாட்டுக் கணக்கில்தான் வைப்பார்கள். 6 மணி நேர இடைவெளி வேண்டும். பிரியாணி, பரோட்டா மாதிரி எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு 8 மணி நேரம். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பதே இன்றைய நடைமுறை. மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குடித்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மாத்திரைகளின் பெயரை நினைவில் வைத்துச் சொல்ல முயலாமல் அட்டைகளையே கையோடு கொண்டு வாருங்கள். தைராய்டு மாத்திரையை அன்றும் போடலாம். மெட்ஃபார்மினை அன்று காலை நிறுத்துவார்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடியும் சுகர் மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பிரஷர் மாத்திரைகளில் சிலவற்றைப் போடச் சொல்வார்கள், சிலவற்றை வேண்டாம் என்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது அது. லேகியம், சூரணம் சாப்பிட்டாலும் சொல்லுங்கள்.

9. "தாலியைக் கழட்டச் சொல்றாங்க. மாமியார் ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

ரத்தக் குழாய்களை மூட மின்சாரக் கருவி பயன்படுத்துகிறார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுடக்கூடும். வீக்கம் வந்தால் மோதிரமும் மெட்டியும் இறுகிக்கொள்ளும். பொன்னைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் கட்டிக்கொண்டு வருவது இங்கே பலரும் செய்வது, அதற்கு யாரும் தடை சொல்வதில்லை. மூக்குத்தியை முந்தின நாளே கழற்றுங்கள். பல வருடத் திருகு ஆபரேஷன் காலையில் அசையாது. விரல் நுனியில் மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம், ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் சரியாக ஓடாது.

10. "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகு வலின்னு எல்லாரும் சொல்றாங்களே?"

எல்லாரும் சொல்வது உண்மைதான், விஷயம் உண்மையில்லை. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும். தண்டுவடம் முடிந்து கீழே, நரம்புகள் மட்டும் மிதக்கும் இடத்தில்தான் ஊசி போடுகிறார்கள். வருடக்கணக்கில் நீடிக்கும் முதுகு வலிக்கு எடை, தளர்ந்த வயிற்றுத் தசை, குனிந்து செய்யும் வேலை என்று வேறு காரணங்கள் உண்டு.

உண்மையாக வரக்கூடியது தலைவலி. உட்கார்ந்தால், நின்றால் பிளக்கும், படுத்தால் அடங்கும். சிலருக்கே வரும். தண்ணீர், வலி மாத்திரை, காபி ஆகியவற்றுக்கே பெரும்பாலும் கேட்கும், கேட்காவிட்டால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. லேப்ராஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம்தான். வயிற்றில் வாயு நிரப்பித் தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பதால் விழித்திருந்தால் மூச்சு விடச் சிரமமாக இருக்கும்.

11. "ஃபாரத்துல என்னென்னவோ எழுதி கையெழுத்து கேக்குறாங்க. வீட்டுக்காரர் வெளியூர். யார் போடணும்?"

நீங்கள்தான். 18 வயது நிரம்பிய, சுயநினைவுள்ள பெண்ணின் உடலுக்கு அவருடைய சம்மதமே சம்மதம். கணவர் கையெழுத்தும் வாங்குவது மருத்துவமனை வழக்கம், அது உங்கள் கையெழுத்துக்கு மாற்றாகாது.

2008-ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்கு ஒன்று. லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கச் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிராபத்து இல்லாத நிலையில் அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆகவே ஃபாரத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பார்களா, வேறு எந்த உறுப்பை எடுக்க உங்கள் அனுமதி கேட்கிறார்கள். ஒப்பாத வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

12. "பயப்படாதீங்கன்னு மட்டும் சொல்றாங்க. நிஜமா என்னதான் தப்பாகும்?"

ரத்தப்போக்கு, தொற்று இரண்டும் எந்த ஆபரேஷனுக்கும் பொது. கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடுவது தொற்றைத் தடுக்கத்தான்.

இந்த ஆபரேஷன்களுக்கே உரிய ஆபத்து அக்கம்பக்கத்து உறுப்புகளுக்கு. கர்ப்பப்பையின் முன்பக்கம் சிறுநீர்ப்பை ஒட்டியிருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் யூரிட்டர் குழாய், கர்ப்பப்பை வாயிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளி, கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாயின் அடியில் நுழைந்து போகிறது. மேலே உள்ளதைக் கட்டும்போது கீழே உள்ளது சிக்கலாம், அல்லது மின்கருவியின் சூடு படலாம். சூடு பட்ட குழாய் அன்றே ஓட்டையாகாது. ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காட்டும்: இடுப்பின் பக்கவாட்டில் வலி, காய்ச்சல், பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர் போலக் கசிவு. "வெள்ளைப்படுதல்" என்று நினைத்து இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பேடு நனைந்துகொண்டே இருந்து சிறுநீர் வாடை அடித்தால் அது வெள்ளைப்படுதல் இல்லை.

சிசேரியன் ஆனவர்களுக்குச் சிறுநீர்ப்பை தழும்போடு ஒட்டியிருக்கும், பிரிக்கும்போது கிழிய வாய்ப்பு அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன், ஆகவே இங்கே இது பலருக்கும் பொருந்தும். எத்தனை சிசேரியன், எந்த வருடம், பழைய சம்மரி எல்லாவற்றையும் கொடுங்கள். கிழிந்தது அப்போதே கண்ணில் பட்டால் அங்கேயே தைத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போகும்போது ஒரு வாரம், பத்து நாள் சிறுநீர் டியூப் கூடவே வரும்.

லேப்ராஸ்கோப்பியில் குடலில் காயம்பட்டால் மூன்று, நான்காம் நாள் வாக்கில் தெரியலாம். ஒரு எளிய அளவுகோல்: லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடத் தேவலை என்று இருக்க வேண்டும். வலியும் வயிற்று உப்பசமும் நாளுக்கு நாள் கூடினால் ஃபோனில் மாத்திரை கேட்காமல் நேரில் வாருங்கள்.

கடைசியாக, காலில் ரத்தக் கட்டி. கெண்டைக்காலில் உறைந்த ரத்தம் பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் நொடியில் ஆபத்து. அதனால்தான் அன்று மாலையோ மறுநாள் காலையோ நர்ஸ் வந்து எழுப்பி நடக்கச் சொல்கிறார். "பாவம், இப்பதானே வெட்டினாங்க, படுக்கட்டும்" என்று அம்மாமார் தடுப்பது பாசம்தான், ஆனால் ஆபத்தான பாசம்.

13. "ஓட்டை போட்டது வயித்துல. தோள்பட்டை ஏன் இப்படி வலிக்குது?"

உள்ளே மிஞ்சிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் மூளை இடம் மாறிப் புரிந்துகொள்கிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். நடந்தால் சீக்கிரம் போகும்.

14. "பருப்பு, கத்திரிக்காய் சாப்பிட்டா தையல் சீழ் பிடிக்கும்னு பாட்டி சொல்றாங்க."

சீழ் பிடிப்பது கிருமியால். சுகர் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் இன்னும் எளிதாக. பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றின் புரதத்தில்தான் காயமே ஆறுகிறது. ரசம் சாதமும் பிரெட்டும் மட்டும் கொடுத்து இரண்டு வாரம் வைத்திருப்பது ஆறுதலைத் தாமதப்படுத்தும். பாட்டியைச் சமாதானப்படுத்த வேண்டுமானால் கத்திரிக்காயை மட்டும் ஒரு மாதம் விட்டுக்கொடுங்கள், நஷ்டமில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது மலச்சிக்கல். இரும்பு மாத்திரை, வலி மாத்திரை, நடமாட்டக் குறைவு மூன்றும் சேர்ந்து இறுக்கிவிடும். முக்கினால் உள்தையல் இழுபடும். கீரை, வாழைத்தண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீர். போதாவிட்டால் டாக்டரிடம் கேட்டு மலம் இளக்கும் மருந்து.

15. "மே மாசம். தையல்ல தண்ணி படலாமா?"

இரண்டு நாளுக்குப் பிறகு பெரும்பாலும் குளிக்கலாம். மக்கில் மொண்டு ஊற்றி, தேய்க்காமல், சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். சென்னை வெயிலில் தண்ணீரைவிட வியர்வைதான் எதிரி. குறுக்குத் தையல் வயிற்று மடிப்புக்கு அடியில் மறைந்து நாள் முழுக்க ஈரத்திலேயே ஊறும். படுத்துக்கொண்டு மடிப்பைத் தூக்கிவிட்டு, ஃபேன் காற்றில் பத்து நிமிடம் காய விடுங்கள், பிறகு மடித்த பருத்தித் துணியை இடையில் வையுங்கள். பவுடர், மஞ்சள், தேங்காய் எண்ணெய் வேண்டாம். பாவாடை நாடா தையல் மேல் விழக் கூடாது, நைட்டி நல்லது.

16. "எவ்வளவு வெயிட் தூக்கலாம்?"

6 வாரம் வரை 4, 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். வீட்டுக் கணக்கில்: 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. லாரியில் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் 12 முதல் 15 கிலோ. 14.2 கிலோ காஸ் நிரம்பிய சிலிண்டர், இரும்பும் சேர்த்து 30 கிலோவை நெருங்கும், உருட்டுவதும் கூடாது. கிரைண்டர் கல்லையும் ஈரத்துணி வாளியையும் மறக்காதீர்கள். தண்ணீரை அரைக் குடமாகச் சின்ன வாளியில் வேறு யாராவது மொண்டு வைக்கட்டும். கைக்குழந்தையைத் தரையிலிருந்து தூக்காமல், நீங்கள் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏற விடுங்கள்.

துளை சின்னது, தையலே தெரியவில்லை என்று லேப்ராஸ்கோப்பிக்காரர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள். கர்ப்பப்பை எடுத்த இடத்தில் உள்ளே போட்ட தையல் எந்த வழியில் எடுத்தாலும் அதேதான்.

17. "கசிவு நின்னுபோச்சு. 12-வது நாள் திடீர்னு மறுபடி ரத்தம். தையல் பிரிஞ்சிடுச்சா?"

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு உள்தையல் கரையத் தொடங்கும் நாட்கள் அவை. இரண்டு மூன்று நாள் சிவப்பாகவோ பழுப்பாகவோ பட்டு நிற்கும், நூல் துண்டும் வரலாம். பழுப்புக் கசிவு ஆறு வாரம் வரைகூட இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தால், கட்டி கட்டியாக வந்தால், கெட்ட வாடை அடித்தால் உடனே வர வேண்டும்.

18. "எப்ப வேலைக்கு, எப்ப வண்டி?"

டி அண்ட் சி, ஹிஸ்டரோஸ்கோப்பி: ஒன்றிரண்டு நாள். லேப்ராஸ்கோப்பியில் சினைப்பைக் கட்டி: ஒன்று இரண்டு வாரம். கர்ப்பப்பையைக் கீழ்வழியாகவோ லேப்ராஸ்கோப்பியிலோ எடுத்தால் 4 முதல் 6 வாரம், ஓபன் என்றால் 6 முதல் 8. நின்றே செய்யும் வேலை என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மாடிப்படி முதல் வாரத்திலேயே மெதுவாக ஏறலாம். ஸ்கூட்டி 4, 6 வாரத்துக்குப் பிறகு. நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து, சட்டென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்றிப் பாருங்கள். வயிறு சுளித்தால் இன்னும் நாளாகவில்லை.

19. "கேக்கவே கூச்சமா இருக்கு. வீட்டுக்காரரோட எப்ப? முன்ன மாதிரி இருக்குமா?"

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 6 முதல் 8 வாரம், செக்கப்பில் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. லேப்ராஸ்கோப்பியில் எடுத்தவர்களைச் சிலர் 12 வாரம் வரை பொறுக்கச் சொல்வார்கள். உள்தையல் பிரிவது அரிது, ஆனால் பிரிந்தால் குடல் வெளியே வரும் அவசரம் அது. கணவரையும் டாக்டர் அறைக்குள் கூட்டிப் போங்கள், அவரிடம் நேரடியாகச் சொல்லட்டும்.

உணர்ச்சி கர்ப்பப்பையில் இல்லை. ரத்தப்போக்கும் வலியும் போனதால் முன்பைவிட நிம்மதி என்பவர்களே அதிகம். சினைப்பைகளையும் எடுத்திருந்தால் வறட்சி இருக்கும் (6-வது பதில்), அதற்கு கிரீம் உண்டு.

20. "குடும்பக் கட்டுப்பாடு பண்ணி 6 வருஷம். நாள் 10 தள்ளிப்போயிருக்கு. வாய்ப்பே இல்லதானே?"

வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய 200-ல் ஒருவருக்கு இது தோல்வியடையும், பல வருடம் கழித்தும். அப்படிக் கரு நின்றால் அது கருக்குழாயிலேயே தங்கும் அபாயம் சாதாரணமாக இருப்பதைவிட அதிகம். இன்றே சிறுநீர் கார்டு டெஸ்ட் பாருங்கள். இரண்டு கோடு வந்தால் அன்றே ஸ்கேன். ஒரு பக்க வலி, தலைசுற்றல், தோள் வலி இருந்தால் (13-ல் சொன்ன அதே நரம்பு, இங்கே உறுத்துவது ரத்தம்) 108-ஐக் கூப்பிடுங்கள்.

21. "அடி இறங்குதுன்னு மாமியாருக்குக் கர்ப்பப்பைய எடுத்தாங்க. 3 வருஷத்துல மறுபடி ஏதோ இறங்குது. எடுத்த பின்னாடி இறங்க என்ன இருக்கு?"

சிறுநீர்ப்பையும் மலக்குடலும் பிறப்புறுப்பின் மேல்முனையும் இருக்கின்றன. கர்ப்பப்பை இறங்கியது நோயின் விளைவு. நோய், அதைத் தாங்கும் தசைகளும் நார்களும் தளர்ந்தது. தீராத இருமல், மலச்சிக்கல், குடம் தூக்கும் வேலை தொடர்ந்தால் மிச்சமும் இறங்கும். ஆபரேஷனுக்கு முன் இருமலைச் சரிசெய்யச் சொல்வது இதனால்தான். இடுப்புத்தளப் பயிற்சி லேசான இறக்கத்துக்கு உதவும்: சிறுநீரை அடக்குவது போல 10 நொடி இறுக்கித் தளர்த்துவது, 10 முறை, தினமும் மூன்று வேளை. மறு ஆபரேஷன் தாங்காத வயதென்றால் உள்ளே வைக்கும் வளையம் இருக்கிறது. கழுவி மாற்ற முறையாக வர வேண்டும்.

22. "கர்ப்பப்பைதான் போயிடுச்சே, இனிமே பாப் ஸ்மியர் எதுக்கு? பயாப்சி பேப்பர் எங்க போச்சுன்னே தெரியல."

பாப் ஸ்மியர் என்பது கர்ப்பப்பை வாயில் புற்று அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. வாயையும் சேர்த்து எடுத்து, பயாப்சியில் புற்றோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லையென்றால் பொதுவாகத் தேவையில்லை. வாயை விட்டுவைத்திருந்தால் தொடர வேண்டும். மாற்றம் இருந்திருந்தால் எடுத்த பிறகும் தொடர வேண்டும். 1-வது பதிலில் எழுதி வாங்கச் சொன்ன தாள் இங்கேதான் உதவுகிறது. பயாப்சி ரிசல்ட் வர ஓரிரு வாரம் ஆகும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவதால் பலர் வாங்குவதே இல்லை. தையல் பிரிக்க வரும் நாளில் கேட்டு வாங்குங்கள். தொலைந்திருந்தால் சம்மரியில் உள்ள ஐ.பி. (உள்நோயாளி) எண்ணைக் காட்டி மெடிக்கல் ரெக்கார்டு பிரிவில் நகல் கேளுங்கள்.

23. "செலவுக்கு என்ன வழி?"

1844 முதல் இயங்கும் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, கோஷா ஆஸ்பத்திரி என்று எல்லாரும் சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆகிய அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன்கள் நடக்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. தனியார் மருத்துவமனை என்றால் சேரும் முன்பே உங்கள் ஆபரேஷன் அங்கே அந்தத் திட்டத்தில் வருகிறதா என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தப் பாலிசி வைத்திருப்பவர்கள் காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் என்று பல பாலிசிகளில் சின்ன எழுத்தில் இருக்கும்.

24. "டிஸ்சார்ஜ் ஆயாச்சு. எதுக்கெல்லாம் திரும்ப ஓடி வரணும்?"

12, 17-ல் சொன்னவற்றோடு இவையும்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, 6 மணி நேரமாகச் சிறுநீர் பிரியாதது, தையலில் சிவந்து சூடாகி நீர் வடிவது, வாந்தி நிற்காதது. மூச்சும் நெஞ்சும் என்றால் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்காதீர்கள், 108-ல் நேராக எமர்ஜென்சிக்கு. இரவு 2 மணி என்றாலும் அப்படியே. கையில் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கட்டும்.